பேர் சொல்லிக் கத்தச் சொன்னவன்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை. என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"சார், எங்க பசங்க ஃபுட்பால் நல்லாத்தான் ஆடறாங்க. ஆனா கிரவுண்டுல இறங்கிட்டா ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டேங்கறானுங்க. உங்க டீம் போடற சத்தம் ஹைவே வரைக்கும் கேக்கும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. எப்படி சார் பேச வெச்சீங்க?"

அவள் போய்வந்த பயிற்சி வகுப்பில் கொடுத்த பட்டியல் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். 'மேன் ஆன்', 'டைம்', 'டர்ன்', 'அவே' என்று இருபது கூப்பாடுகள். ஒவ்வொன்றையும் எப்போது போட வேண்டும் என்று எதிரே அழகாக அச்சடித்திருந்தது. படித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. யார் யாரைப் பார்த்துக் கத்துவது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெண்ணிடம் அரை மணி நேரம் பேசினேன். பேசச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும். போனை வைத்த பிறகு மனசு சரியில்லை. நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரன். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்தில் ஃபுட்பால் நடக்கும். அதில் லெஃப்ட் பேக்காக நின்று வளர்ந்தேன். அங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஆரோக்கியம் என்றால் ஆரோக்கியம், சவரி என்றால் சவரி. அறுபது வயது உபதேசியார் ஆட வந்தாலும் "பாஸ்!" என்றுதான் கத்துவோம், அவரும் கொடுப்பார். எல்லா மைதானமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உடற்கல்விப் படிப்பு. காலையில் ஓடினேன், மத்தியானம் வகுப்பில் தூங்கினேன், பரீட்சையில் தேறினேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது.

வேலை கிடைத்தது புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இருக்கும் ஓர் உதவிபெறும் பள்ளியில். முப்பத்தொரு வருடம் அங்கேதான். காலை பஸ்ஸில் போய் சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் சேலம் திரும்பிவிடுவேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் அந்த ஊரை விட்டுக் கிளம்பிப் போகிற ஆள்.

சேர்ந்த வருடமே ஒரு பாடம் கிடைத்தது. உயரமாக வந்த ஒரு பந்துக்கு நம் பையன்கள் இரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்து மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "ஏண்டா, ஒருத்தனாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"அவன் உட்டுருவான்னு நெனச்சேனுங்க சார்."

"நானும் அப்படித்தானுங்க சார் நெனச்சேன்."

அன்றிலிருந்து எனக்குச் சத்தப் பைத்தியம் பிடித்தது. தினமும் கால் மணி நேரம் பந்தே இல்லாமல் கத்துகிற பயிற்சி. பையன்களைக் களத்தில் அவரவர் இடத்தில் நிறுத்தி, நான் விசிலோடு நடுவில் நிற்பேன். பந்து எங்கே இருப்பதாகச் சொல்கிறேனோ அதற்கேற்பக் கத்த வேண்டும். பின்னால் எதிராளி வந்தால் "ஆளு!" நிதானமாக ஆட இடமிருந்தால் "டைம்!" தற்காப்பு வரிசை முழுதும் முன்னேற வேண்டுமானால் "ஏறு!" யோசிக்காமல் உதைத்து வெளியே தள்ள வேண்டுமானால் "அடி!" பந்து கீப்பருடையது என்றால் "கீப்பர்!" அதைக் கீப்பரைத் தவிர வேறு எவனும் சொல்லக்கூடாது. முதல் வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு முனகுவார்கள். பக்கத்துக் காட்டில் களை எடுக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாவது வாரத்தில் அவர்களே, "அந்தக் கட்டைப் பையன் இன்னும் சத்தமே போடலீங்க சார்" என்று புகார் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது பாடம் ராசிபுரத்தில் கிடைத்தது. எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரன் பந்தைத் தொடப் போகும்போது அவனுக்குப் பின்னாலிருந்து நம் ஃபார்வர்டு "உடு! உடு!" என்று கத்தினான். தன் ஆள்தான் சொல்கிறான் என்று அவன் விட்டுவிட்டான், நம் பையன் பந்தை எடுத்துக் கோல் போட்டுவிட்டான். நாங்கள் குதித்துக்கொண்டிருக்கும்போதே விசில் வந்தது. கோல் கிடையாது, நம் பையனுக்கு மஞ்சள் அட்டை, அவர்களுக்கு ஃப்ரீ கிக். நான் எகிறிக் குதித்துக்கொண்டு நடுவரிடம் போனேன். அவர் அசையவில்லை. "பேர் சொல்லிச் சொல்லியிருந்தா யாருக்குச் சொன்னான்னு தெரியும் சார். மொட்டையா 'உடு'ன்னா எதிராளியை ஏமாத்தறதுன்னுதான் நான் எடுத்துக்குவேன்" என்றார். அவர் சொன்னது சரி.

அதற்குப் பிறகு ஒரு விதி போட்டேன். முதலில் பேர், அப்புறம் வேலை. "செல்வா, ஏறு!" "குமாரு, ஆளு!" பேர் இல்லாமல் கத்தினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். அண்ணா கிடையாது, 'ங்க' கிடையாது. இந்தப் பக்கத்துப் பையன்கள் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். "பாத்து அடிங்கண்ணா, பொறத்தால ஆளு வாராருங்க" என்று எதிராளிக்கும் சேர்த்து மரியாதை கொடுத்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விடும். ஒன்பதாம் வகுப்புப் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பையனைப் பேர் சொல்லி அதட்டுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு, "என் நாலு கோட்டுக்குள்ள பெரியவன் சின்னவன் கிடையாது, பணக்காரன் ஏழை கிடையாது" என்று அடிக்கடி சொல்வேன். சொல்லும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வரும்.

இனி முத்து. பதினைந்து பதினாறு வருடத்துக்கு முன்னால் எங்கள் கீப்பர். ஒல்லியான பையன், கை மட்டும் முழங்கால் வரைக்கும் தொங்கும். பந்து எங்கே வரும் என்று பந்துக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். என் முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு கீப்பர் எனக்குக் கிடைக்கவில்லை. அவன் அப்பா செங்கோடனும் அம்மாவும் பக்கத்து ஊர்க் கோழிப்பண்ணையில் வேலை செய்தார்கள். பண்ணைக்குள்ளேயே ஓர் அறை, அதில்தான் குடும்பம். அந்தப் பண்ணைக்காரரின் மகன் தினேஷ் எங்கள் அணியில் நடுத் தற்காப்பு, முத்துவுக்கு நேர் முன்னால் நிற்பவன். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ப்ளஸ் டூ. காலையில் தினேஷின் பைக்கில்தான் முத்து பள்ளிக்கூடம் வருவான். ஆனால் பேசும்போது தினேஷ் அவனுக்குச் 'சின்னவருங்க'தான்.

கீப்பருக்குத்தான் மொத்தக் களமும் முகத்துக்கு நேரே தெரியும். தற்காப்பு ஆட்டக்காரனுக்கு முதுகில் கண் இல்லை, அவன் கண் கீப்பரின் வாயில் இருக்கிறது. அந்த வருடம் நாங்கள் தொடர்ந்து ஒரே மாதிரி கோல் வாங்கிக்கொண்டிருந்தோம். தினேஷ் நிற்கும் இடத்தில் ஓட்டை. என்னவென்று புரியாமல் ஒருநாள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். முத்து மற்றவர்களுக்கெல்லாம் நன்றாகத்தான் கத்தினான். தினேஷுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் லெஃப்ட் பேக் செல்வாவிடம் சொன்னான். "செல்வா, சின்னவர ஏறச் சொல்லு!" செல்வா திரும்பி, "தினேசு, உன்னை ஏறச் சொல்றான்!" என்பான். தபால் போய்ச் சேருவதற்குள் எதிராளி உள்ளே வந்துவிடுவான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"ஏன்டா, அவன் பேரு உனக்குத் தெரியாதா?"

முத்து தரையைப் பார்த்தான். "எப்புடிங்க சார் பேரைச் சொல்லிக் கூப்புடறது? எங்கப்பாவே சின்னவருங்கன்னுதான் சொல்றாரு."

தினேஷ் நல்ல பையன். அவன்தான் வழி சொன்னான். "சார், நம்பர் சொல்லிக் கூப்புடட்டுமுங்க. என்ற பனியன்ல நாலுதான? 'நாலு, ஏறு'ன்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சுரும்."

நல்ல யோசனை. விதிக்கும் குற்றமில்லை, யாருக்கும் சங்கடமும் இல்லை. அன்றைக்கு நான் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் எனக்கு என் கொள்கை பெரிது. "அவன் என்ன ஜெயில் கைதியா, நம்பர் சொல்லிக் கூப்பிட? அப்பா அம்மா பேரு வெச்சிருக்காங்கல்ல? கிரவுண்டுல சின்னவரு பெரியவரு கிடையாது. பேர் சொல்லு" என்று சத்தம் போட்டேன். மற்றப் பையன்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாரம் அந்தப் பையனை வதைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாரும் போன பிறகு முத்துவைக் கோலில் நிறுத்தி, தினேஷைப் பத்தடி முன்னால் நிறுத்துவேன். "கூப்பிடு" என்பேன். முத்துவுக்கு 'தி' வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது. தினேஷ் திரும்பிப் பார்த்து, "சொல்றா, நாந்தான சொல்றேன், சொல்லு" என்று சிரிப்பான். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ கண்ணை மூடிக்கொண்டு, "தினேசு, ஏறு!" என்று கத்திவிட்டான். தினேஷ் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் முத்துவின் முதுகில் தட்டி, "பாத்தியா, வானம் இடிஞ்சு விழுந்துருச்சா?" என்று கேட்டேன். நான் ஐந்தரை பஸ் பிடிக்கப் போய்விட்டேன். முத்து பண்ணைக்குப் போனான்.

அதன் பிறகு எங்கள் மேல் கோல் விழுவது நின்றுவிட்டது. இடையில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்தார். முத்துவைக் காட்டி, "மாவட்டப் போட்டிக்கு வரேன் சார், அங்கயும் இப்படி நின்னான்னா இந்தப் பையனை நான் எடுத்துக்கறேன். படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் காலேஜ் பாத்துக்கும்" என்றார். இதைச் சொன்னபோது முத்து கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அன்று செங்கோடன் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "நெசமாலுமுங்களா சார்?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

மாவட்டப் போட்டிக்கு முந்தைய குறுவட்ட இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நல்ல கூட்டம். பண்ணைக்காரர் தன் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டாரையும் அழைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகன் ஆடுவதைக் காட்ட ஆசை, அதில் தப்பில்லை. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து நம் கோல் பக்கம் வந்தது. தினேஷ் அதைக் காலில் வாங்கினான். வாங்கியவன் என்ன நினைத்தானோ, அப்பா பார்க்கிறார் என்று நினைத்தானோ, நம் கோலைப் பார்த்தபடி பந்தை உருட்டிக்கொண்டு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணி ஃபார்வர்டு பாய்ந்து வந்தான்.

"தினேசு! ஆளு! வெளிய அடி!"

முத்துவின் குரல் அன்றைக்கு வெடித்துக்கொண்டு வந்தது. தினேஷ் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதைத்தான். பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. பாய்ந்து வந்தவனின் கால் வெறும் மண்ணைத்தான் வாரியது. நாங்கள் ஜெயித்தோம்.

ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு ஒரு நொடி மைதானமே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கோட்டுக்கு வெளியே நின்ற எதிரணி ஊர்க்காரன் ஒருவன் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "பாத்தீங்களா மாமா, பண்ணையில கோழிப் பீ அள்றவன் மவன் முதலாளி மவனுக்குப் போடற உத்தரவை!" கூட்டம் சிரித்தது. சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எதிரே நிற்பவர் குனிந்தால்தான் அவர் பேசுவது கேட்கும், அதனால் அவர் முன்னால் எல்லாரும் குனிந்தே நிற்போம். எதையும் செய் என்று சொல்ல மாட்டார், செய்யாதே என்றும் சொல்ல மாட்டார். தான் நினைப்பதை நம் வாயால் சொல்ல வைத்துவிடுவார். நாம் சொன்னதும், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று பேனா மூடியைத் திருகி மூடுவார். மூடியாகிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கெட்ட மனிதர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சச்சரவு கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு முக்கியம்.

அறையில் பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். முத்து சுவரோரம் நின்றான். செங்கோடன் வாசல் நிலைக்கு வெளியே நின்றார், வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும், காலெல்லாம் தீவன மாவு. வராண்டாவில் இன்னும் யாரோ நின்றார்கள், நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பண்ணைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "ஏனுங்க சார், நான் சண்டைக்கு வரலீங்க. பையன் நல்லா ஆடறான், எனக்கும் சந்தோசந்தானுங்க. ஆனா பத்து ஊர் ஆளுங்க முன்னாடி, சம்பந்தி ஊட்டு ஆளுங்க முன்னாடி, என்ற மவனைப் பேரைச் சொல்லி அதட்டறான். நாளைக்கு நான் எப்புடிங்க பண்ணையில நின்னு வேலை வாங்கறது? எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க தெரியோணும். இது பள்ளிக்கூடத்துல சொல்லித் தாறதுங்களா, இல்ல அவனா கத்துக்கிட்டதுங்களா?"

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "பி.டி. சார் அப்படியெல்லாம் சொல்லித் தந்திருக்க மாட்டாருங்க. அப்படித்தானே சார்?"

நான் பயப்பட ஒரு காரணமும் இல்லை. என் வேலையை யாரும் பறித்துவிட முடியாது. பண்ணைக்காரர் என்னை அடிக்கப் போவதில்லை. "ஆமாங்க, நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கீப்பர் அப்படித்தான் கத்தணும், அவன் கத்தலைன்னா நேத்து தோத்திருப்போம்" என்று சொல்லியிருந்தால் அதிகம் போனால் நாலு வார்த்தை கோபமாகப் பேசியிருப்பார். அதை நான் வாங்கிக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. பெரிய மனிதர் மரியாதையாகக் கேட்கிறார், தலைமையாசிரியர் மெதுவாகத் தலையை ஆட்டுகிறார். இருபது வருடமாகப் பிள்ளைகளைக் கத்துடா கத்துடா என்று விரட்டிய எனக்கு அந்த அமைதியைக் கெடுக்க நாக்கு எழவில்லை.

"இல்லீங்க" என்றேன். "நான் 'கீப்பர்'னு சொல்லத்தான் பழக்கியிருக்கேன்."

முத்து என்னைப் பார்த்தான். ஒரே தடவைதான். அதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் எதையோ மறந்துவிட்டேன், இப்போது ஞாபகம் வந்துவிடும் என்பது போலப் பார்த்தான். நான் மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவனே பேசினான்.

"நானாத்தானுங்க கத்திப்போட்டேன். சார் சொல்லித் தரலீங்க. தப்புத்தானுங்க."

நான் சொன்ன பொய்யை அந்தப் பையன் எனக்காகத் தூக்கிக்கொண்டான். பண்ணைக்காரரின் முகம் தெளிந்தது. தலைமையாசிரியர், "மன்னிப்புக் கேட்டுட்டான், விடுங்க. பரீட்சை வேற வருது. இனிமே படிப்பைப் பார்த்தா நல்லதுன்னு எனக்குத் தோணுது. டீம்ல எடுக்கறது விடறது உங்க முடிவு சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"படிக்கட்டுங்க சார்" என்றேன். பேனா மூடி திருகப்பட்டது.

வெளியே வந்ததும் முத்து சொன்னது ஒன்றுதான். "க்ளவுசை நாளைக்குக் கொண்டாந்து தாரேனுங்க சார்." துவைத்துக் காய வைத்து, விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். செங்கோடன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். அதனால் ஒரு வாரம் அவர் வரும் வழியில் நான் நிற்காமல் பார்த்துக்கொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

மாவட்டப் போட்டியில் வேறு பையனைக் கோலில் நிறுத்தினேன். அவன் வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கோயம்புத்தூர்ப் பயிற்சியாளர் சொன்னபடி வந்திருந்தார். "அந்தப் பையன் எங்க சார்?" என்று கேட்டார். "உடம்பு சரியில்லைங்க" என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். "அடடா" என்று சொல்லிவிட்டு அவர் வேறு இரண்டு பையன்களின் பேரை எழுதிக்கொண்டு போனார்.

பரீட்சை முடிந்ததும் செங்கோடன் குடும்பத்தோடு மேச்சேரிப் பக்கம் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே ஆடு பார்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். பண்ணைக்காரர் அனுப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. முத்து கல்லூரிக்குப் போகவில்லை. ரிக் வண்டியில் சேர்ந்து போர்வெல் போட வடநாட்டுக்குப் போய்விட்டான் என்று செல்வா சொன்னான்.

அதற்குப் பிறகும் நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். பேர் சொல்லிக் கத்தும் விதியை எடுத்துவிட்டேன். நம்பர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். ஏன் மாற்றினீர்கள் என்று யாராவது கேட்டால், "அதுதான் சார் சுருக்கம்" என்பேன். நாலு கோடு, பெரியவன் சின்னவன் என்கிற பேச்சை ஆசிரியர் அறையில் அதன் பிறகு நான் எடுக்கவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், கூட வேலை பார்த்த ஆசிரியரின் மகள் கல்யாணத்துக்காக ஜேடர்பாளையம் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவன், "சார், என்னைத் தெரியுதுங்களா?" என்றான். தினேஷ். உடம்பு போட்டுவிட்டது, இப்போது பண்ணையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சாப்பிட்டு முடித்து, அங்குள்ள காவிரித் தடுப்பணைப் பக்கம் சற்று நடந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். உங்கப்பா செங்கோடன் குடும்பத்தை அனுப்பியிருக்க வேண்டாம் என்று சொன்னேன்.

"அப்பா போகச் சொல்லலீங்க சார். இருங்கன்னுதான் சொன்னாரு. செங்கோடண்ணன்தான் கெளம்பிட்டாரு" என்றான். பிறகு, "அன்னைக்கு ஹெச்.எம். ரூமுக்கு வெளிய வராண்டாவுல நான் நின்னுட்டு இருந்தனுங்க சார், தெரியுங்களா?" என்றான்.

தெரியாது என்றேன்.

"முத்துகிட்ட நாந்தான் சொன்னேன். நீ பயப்படாத, உள்ள சார் இருக்காரு, நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு சார் சொல்லுவாரு. அவரு சொன்ன ஒடனே நான் உள்ள வந்து, பேரைச் சொல்லிக் கூப்புடுன்னு நானுந்தான் சொன்னேன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போடறேன்னு. ரண்டு பேரும் பேசி வெச்சுட்டுத்தானுங்க வந்தோம். நீங்க இல்லைன்னுட்டீங்க. வாத்தியாரே இல்லைன்னதுக்கப்பறம் நான் உள்ள வந்து என்னத்தைங்க சொல்றது? எனக்கும் பயமாப் போச்சு."

என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தன் தப்பையும் சேர்த்துச் சொல்கிறவனின் குரல். "அவங்கூட இன்னும் பேசறயா?" என்று கேட்டேன்.

"மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவானுங்க. அன்னையிலருந்து அவன் என்னைப் பேரைச் சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க சார். நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். இன்னைக்கும் எடுத்தவொடனே 'சின்னவருங்களா'ன்னுதான் கேப்பான்."

முத்துவின் நம்பரை வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் அது என் போனில் அப்படியே இருந்தது. அந்த ஆசிரியைப் பெண்ணுக்குப் பாதி பதில் சொல்லிவிட்டு வைத்த மறுநாள் காலை கூப்பிட்டேன். மழைக்காலம், ரிக் வேலை இல்லை, திருச்செங்கோட்டில் வீட்டில்தான் இருந்தான். என் குரலைக் கேட்டதும், "சார்! நல்லா இருக்கறீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று அவ்வளவு மகிழ்ச்சியாகக் கேட்டான். அவன் இப்போது ரிக்கில் டிரில்லர் என்றும், போர் ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது, எல்லாம் கை ஜாடைதான் என்றும் சொன்னான். நான் அவனை முடிக்கவிடவில்லை. இனியும் தள்ளினால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"முத்து, அன்னைக்கு ஹெச்.எம். ரூம்ல நான் பொய் சொன்னேன். நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். அதைச் சொல்லியிருக்கணும், சொல்லலை. உன் வாழ்க்கை அதனால போச்சு. என்னை மன்னிச்சுக்க."

"அதெல்லாம் எப்பவோ நடந்ததுங்க சார். இப்ப எதுக்குங்க" என்றான். இல்லை என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் குறுக்கிட்டான்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு சாமி."

"பையன் மூணாவது படிக்கறானுங்க. பள்ளிக்கூடத்துல புதுசா ஃபுட்பால் ஆரம்பிச்சிருக்கறாங்க. சேரோணும்னு ஒரே அடம், கீப்பராத்தான் நிப்பானாமுங்க. நான் இன்னும் சரின்னு சொல்லலீங்க. வாத்தியாரு நல்லாத்தான் பேசறாருங்க. ஆனா நாளைக்கு அந்த ஆட்டத்தால ஏதாச்சும் ஒண்ணுன்னா, அவன் பக்கத்துல நிப்பாருங்களா சார்?"

என்னைக் குத்திக் காட்ட அவன் அதைக் கேட்கவில்லை. அது அவன் குணமும் இல்லை. இத்தனை வருடம் வாத்தியாராக இருந்த ஆள், வாத்தியார்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைத்து நிஜமாகவே கேட்டான். நிற்பார், தைரியமாக அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை.

"தெரியலை சாமி" என்றேன்.

"சரிங்க சார், யோசிச்சுப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, நான் முதலில் போனை வைக்கட்டும் என்று காத்திருந்தான்.